மோனோ பாட்டுக்கு எதற்கு சவுண்ட்ஸ்டேஜ்?

போன மாதம் எடிசனில் ஒரு அண்ணா வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே புது மெக்கின்டாஷ் எம்சி275. கண்ணாடி மாதிரி மின்னும் ஸ்டீல் உடம்பு, அதன் மேல் நான்கு பெரிய ட்யூப்கள் தணலாகக் கனிந்துகொண்டிருந்தன. "கண்ணை மூடிக்கோடா. சவுண்ட்ஸ்டேஜ் எப்படி விரியுதுன்னு பாரு" என்றார். ஓடியது பி. சுசீலா பாட்டு, 1960களின் தொடக்கத்தில் வந்தது. யூட்யூபில் யாரோ ஏற்றிய காப்பி, போனிலிருந்து ப்ளூடூத் வழியாக வந்துகொண்டிருந்தது.

அந்தப் பாட்டு மோனோ. இடது, வலது என்று அதில் எதுவும் கிடையாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சிக்னல்தான் போகிறது, நடுவில் ஒரே இடத்திலிருந்துதான் கேட்க வேண்டும். விரிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் 1978இல் வந்த 'ப்ரியா'வுடையவை என்று சொல்வார்கள். அதற்கு முந்தைய நம் தங்கப் பாட்டெல்லாம் ஏறக்குறைய மோனோதான். அண்ணியின் சுண்டல் நன்றாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

வேலைக்குப் போய் ஓரிரு வருடம் ஆன நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மெக்கின்டாஷா, ஆடியோ ரிசர்ச்சா, கான்ராட் ஜான்சனா, ப்ரைமாலூனாவா, எது பெஸ்ட்? ஃப்ரீமான்ட்டிலும் கேட்கிறார்கள், ப்ளேனோவிலும் கேட்கிறார்கள். உங்கள் ஸ்பீக்கர் என்ன என்று திருப்பிக் கேட்டால், "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துவிட்டுப் பெண் தேடுவது போல இருக்கிறது.

ட்யூப் ஆம்ப் தனியாகப் பாடாது. பெரும்பாலான ட்யூப் ஆம்ப்களின் அவுட்புட் இம்பீடன்ஸ் ட்ரான்சிஸ்டர் ஆம்பைவிட அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸோ ஒவ்வொரு அலைவரிசையிலும் ஏறி இறங்கும். இரண்டும் சேரும்போது சில சுரங்கள் கொஞ்சம் தூக்கலாகவும் சில கொஞ்சம் அமுங்கியும் வரும். "வார்ம்", "லிக்விட்" என்று நாம் உருகுவதில் ஒரு பகுதி இதுதான். ஸ்பீக்கரை மாற்றினால் அந்த குணமும் மாறிவிடும். ஆகவே ஸ்பீக்கர் பெயரைச் சொல்லாமல் ஆம்பை மட்டும் ஒப்பிடுகிறவர் என்ன சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பவரும் அப்படியே. ஒரே ஒரு 300பி ட்யூப் போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் சேனலுக்குச் சுமார் 8 வாட்ஸ் தரும். 86 டெசிபெல் ஸ்பீக்கரோடு அதை இணைத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபெல்லோடு மூச்சு வாங்கிவிடும், தவில் அடி விழும்போது பிதுங்கும். 96 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால் அதே சத்தத்துக்கு ஒரு வாட்கூட வேண்டாம். பத்து டெசிபெல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு பவர். எந்த லோகோவும் இந்தக் கணக்கை மாற்றாது.

எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. 1961இல் வந்த எம்சி275 சேனலுக்கு 75 வாட்ஸ் கொடுத்தது. அதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மெக்கின்டாஷ் சுற்றிய விதமே தனி, டிஸ்டார்ஷனைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். அதாவது, நம் அண்ணா தேடும் அந்த "ட்யூப் சுவை" வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த எஞ்சினியர்கள் பாடுபட்டார்கள்! சர்க்யூட்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் உண்மையான வித்தியாசங்கள். அவற்றைப் பற்றிப் பேசினால் இரவு முழுக்க நானும் உட்காருவேன். ஆனால் நாம் பேசுவது பெயர்ப்பலகையைப் பற்றி.

அந்தப் பெயர்ப்பலகை யாருடையது? மெக்கின்டாஷை 1990இல் வாங்கியது ஜப்பானின் கார் ஸ்டீரியோ கம்பெனி க்ளாரியன். அதன்பின் கை மாறி மாறி, 2024 நவம்பரில் போஸ் வாங்கியது. ஆம், நம் அண்ணாக்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அதே போஸ். 1970இல் மினியாபொலிஸில் தொடங்கிய ஆடியோ ரிசர்ச் 2023இல் கடனில் தள்ளாடி, கனடாவின் ஸ்பீக்கர் தயாரிப்பாளர் ஒருவர் கைக்குப் போனது. நல்ல ஆட்கள் இன்னமும் அங்கே நல்ல ஆம்ப் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "ஹெரிடேஜ்" என்று சொல்லிக் கூடுதல் ஆயிரங்களைக் கறக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

ட்யூப்களின் கதை இன்னும் வேடிக்கை. டங்-சோல் என்பது நம் நூவர்க்கில் இருந்த கம்பெனி. மல்லார்ட், கோல்ட் லயன் இரண்டும் பிரிட்டிஷ் பெயர்கள். இன்று டங்-சோல், மல்லார்ட், கோல்ட் லயன், சோவ்டெக், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் என்று ஐந்து பெட்டிகளில் வருவது ரஷ்யாவின் சராடோவில் ஒரே தொழிற்சாலையில் செய்த ட்யூப்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது ஐந்து பிராண்டும் ஒரே நாளில் திண்டாடியது ஏன் என்று இப்போது புரியும். மற்றபடி பெரும்பகுதி ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனத் தொழிற்சாலைகள், அவ்வளவுதான்.

சரி, வாங்கியே தீருவேன் என்கிறீர்களா? அப்படியானால் இதைக் கேளுங்கள்: பழுதானால் யார் பார்ப்பார்? எம்சி275 சுமார் 30 கிலோ, கூரியரில் அனுப்பிப் பாருங்கள். பவர் ட்யூப் இரண்டாயிரம் மணி நேரம் போல ஓடித் தேயும், பல ஆம்ப்களில் மாற்றும்போது பயாஸ் சரிசெய்ய வேண்டும். ப்ரைமாலூனா நெதர்லாந்தில் வடிவமைத்துச் சீனாவில் செய்வது. "சைனா மாலா?" என்று மூக்கைச் சுருக்குகிறார்கள், ஆனால் அதில் பயாஸை ஆம்பே பார்த்துக்கொள்ளும். பென்சில்வேனியாவின் ரோக் ஆடியோவில் நீங்களே மீட்டரைப் பார்த்துத் திருகலாம், ஜெர்சிக்காரர்கள் ஆற்றைத் தாண்டினால் போதும். மூடியைக் கழற்றி உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் நானூறு வோல்ட் காத்திருக்கும். (டெக்சஸ் மக்களே, ஆகஸ்டில் உங்களுக்கு ஏசி பில்லும் சேர்த்து.)

பட்ஜெட்டில் பாதிக்குமேல் ஸ்பீக்கருக்கு. அடுத்தது ரூமுக்கு ஒரு தடித்த கம்பளமும் திரைச்சீலையும். பிறகு பாட்டு. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஆம்ப் பற்றி ஆறு மாதம் ரிவ்யூ படிக்கிறவர், பாட்டு எந்தக் காப்பி என்று ஆறு நிமிடம் பார்ப்பதில்லை. பழைய எச்எம்வி பதிவுகளை இன்று வைத்திருக்கும் சரிகம அவற்றை ஸ்ட்ரீமிங்கிலும் தருகிறது. அதைத் தேடாமல், யாரோ எக்கோ சேர்த்து, போலி ஸ்டீரியோ ஆக்கி ஏற்றியதைக் கேட்கிறோம். கேசட்டில் மட்டும் வந்து, எங்கும் ஏறாமல் போன கச்சேரிகளும் நாடகங்களும் எத்தனையோ.

அந்த பேஸ்மென்ட்டிலேயே, ஆம்புக்கு நாலடி பின்னால், ஹீட்டர் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அண்ணாவின் அப்பா 1980களில் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகள், எழுபது எண்பது இருக்கும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன், டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. டெக் இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாறும்போது தூக்கிப் போட்டாச்சு என்றார்.

வருகிற சனிக்கிழமை என் டெக்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஜெர்சியில் யாரிடமாவது இன்னொன்று ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள், எண்பது கேசட்டுக்கு ஒன்று போதாது.