ஐந்தாம் வகுப்பில் தோற்றது யார்?

2024 டிசம்பர் கடைசியில் நான் தேவதானப்பட்டியில் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று ஒன்றிய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளைத் திருத்திய செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கோபமாக ஏதோ சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “நல்லதுதான பாப்பா. ஃபெயில் போட்டாத்தான் பிள்ளைக படிக்கும். பெரியவ மகன் நாலாவது படிக்கிறான், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியல. எல்லாரையும் தள்ளித் தள்ளி விட்டா எங்குட்டு விளங்கும்?”

என் அம்மா ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் ஆக்கப்பட்டவர். 1980களின் தொடக்கம் அது. ரிசல்ட் வந்தது மாங்காய் பறிக்கிற காலம். தோப்பில் காய் பொறுக்க அரைக் கூலிக்குப் போன பிள்ளை ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது என்பார். ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. தேவதானம் என்றால் கோயிலுக்கு விடப்பட்ட நிலம். ஊர்ப் பெயரிலேயே நிலம் இருக்கிறது. எங்கள் தெருவில் யார் பெயரிலும் நிலம் இல்லை. படிப்பை விட்டால் தோப்பு, தோப்பை விட்டால் கட்டட வேலை.

இன்றைக்கும் கேட்டால், “எனக்குப் படிப்பு ஏறல பாப்பா” என்றுதான் சொல்வார். அதே அம்மாதான் மகளிர் குழுவில் இருபது பேரின் தவணையையும் வட்டியையும் தாளில்லாமல் சொல்கிறவர். நாற்பது ஆண்டுகளாக ஒரு பள்ளியின் தோல்வியைத் தன் தோல்வி என்று சுமந்துகொண்டிருக்கிறார். பேரனுக்கும் அதே தீர்ப்பு வேண்டும் என்கிறார்.

1953இல் ராஜாஜி குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்ததால் பெரியார் எதிர்த்தார், தமிழ்நாடு கொதித்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஐந்தாம் வகுப்புத் தேர்வு அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. ‘அப்பன் தொழிலுக்குப் போ’ என்று எந்த அதிகாரியும் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்குப் படிப்பு ஏறல’ என்று பிள்ளையே சொல்லிக்கொண்டு வெளியே போய்விடும்.

சிறு பிள்ளைகளுக்குத் தேர்வு கடினமாகிக்கொண்டே போகிறது என்று நகரத்துப் பெற்றோர்களும் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை உண்மையானதுதான். ஆனால் அங்கே தேர்வு கடினமானால் ஒரு டியூஷன் கூடும். எங்கள் தெருவில் பள்ளிக்குப் போகிற ஒரு பிள்ளை குறையும்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் ஒரு வகுப்பில் நிறுத்தி வைக்கவோ பள்ளியிலிருந்து நீக்கவோ கூடாது என்றது. நிறுத்தி வைக்கக் கூடாது என்ற அந்தப் பாதுகாப்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உடைத்தது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை எழுதியது. 2024இன் விதி, தோற்ற பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் கூடுதல் பயிற்சி தந்து மறுதேர்வு வைக்கச் சொல்கிறது. அதிலும் தோற்றால் மீண்டும் அதே வகுப்பு.

அந்த இரண்டு மாதம் எது என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் தேர்வு எழுதினால் மறுதேர்வுக்குத் தயாராக வேண்டியது மே, ஜூனில். மஞ்சளாற்றுப் பக்கத்துத் தோப்புகளில் அது அறுவடைக் காலம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சிறப்பு வகுப்புக்கான நேரம். எங்கள் பிள்ளைக்குக் கூலி கிடைக்கிற நேரம். இருவருக்கும் ஒரே வினாத்தாளை நீட்டிவிட்டு அதற்குத் ‘தகுதி, திறமை’ என்று பெயர் வைக்கிறார்கள்.

இந்த விதி இப்போதைக்கு ஒன்றிய அரசின் பள்ளிகளுக்குத்தான், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையே சொல்லிவிட்டது, பிறகென்ன என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 2019 செப்டம்பரை மறந்துவிட வேண்டாம். அன்று ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டதும் தமிழ்நாட்டு அரசுதான். முதல் மூன்றாண்டுகள் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம் என்று சமாதானம் வேறு. பெற்றோர்களும் ஆசிரியர்களும் இயக்கங்களும் விடாமல் எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரி 4 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. மக்கள் எதிர்த்ததால் நின்றது. மக்களே கேட்கத் தொடங்கினால் திரும்ப வரும்.

அதனால்தான் அம்மாவின் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. “எழுத்துக்கூட்டத் தெரியல” என்பது பொய் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வராதது அநியாயம். அதை மூடி மறைத்துவிட்டு ‘ஆல் பாஸ்தான் சமூகநீதி’ என்று முழக்கம் போட்டால் நம் தெருக்காரர்களே நம்மை நம்ப மாட்டார்கள். கற்பிக்காமல் தள்ளிவிடுவதும் துரோகம்தான்.

ஆனால் அந்த அநியாயத்துக்குத் தண்டனை யாருக்கு? சட்டப்படி அறுபது பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவரே ஐந்துக்கும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் ஃபெயில் ஆவதில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அவர்களும் ஃபெயில் ஆவதில்லை. பத்து வயதுப் பிள்ளை மட்டும் ஃபெயில்.

அப்படியானால் தேர்வே கூடாதா? பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிக்கிற சோதனை வாரா வாரம் நடக்கட்டும். அதன் விளைவு ஆசிரியர் மறுபடி சொல்லித்தருவதாக இருக்க வேண்டும், பிள்ளை வெளியேறுவதாக இருக்கக் கூடாது. எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி என்று அரசே திட்டங்கள் தொடங்கியது. அவை நம் தெருப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க வைத்தனவா என்று கேட்பது நம் வேலை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்பதும் நம் வேலை.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம் வேண்டும் என்கிறது அதே சட்டம். பல ஊர்களில் அந்த இடங்கள் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. கூலியை விட்டுவிட்டு எப்படிக் கூட்டத்துக்குப் போவது என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கூட்டத்தை மாலையில் வை என்பதையே முதல் தீர்மானமாக்கு என்றேன்.

இணையத்தில் எழுதும் நாமும் சொந்த ஊருக்குப் போகும்போது அந்தக் கூட்டத்தில் போய் உட்கார வேண்டும். மகன் ஏன் ஃபெயில் என்று பள்ளி பெற்றோரைக் கேட்கிற காலத்துக்குத் திரும்ப விடக்கூடாது. என் மகனுக்கு ஏன் இன்னும் வாசிக்க வரவில்லை என்று பெற்றோர் பள்ளியைக் கேட்க வேண்டும். அம்மாவை யாரும் தேடி வராத அந்த ஜூன் மாதத்தில், எங்கள் தெருவிலிருந்து அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.