உறுதி இல்லாதவருக்கும் உரிமை உண்டு

"காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனிக்கு. கேட்பதற்கு நாங்கள் யார்?" மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் சூரிய மின்சக்தித் திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வரும். கையில் காணி உறுதி இல்லாத மக்கள் ஆட்சேபிக்கவும் உரிமை இல்லையென்று நம்பிவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்படி, பெருந்திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுமக்களில் எவரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். எவரும் என்றால் லயத்தில் இருப்பவரும்தான். அந்தக் கருத்துகளுக்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பகிரங்க விசாரணை கேட்கலாம். நடத்துவதா என்பதை அனுமதி வழங்கும் நிறுவனம் தீர்மானிக்கும். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது.

ஆனால் எல்லாத் திட்டமும் இந்த வலைக்குள் வராது. 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, 50 மெகாவாட்டைத் தாண்டும் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களே இதில் அடங்கும். நம் ஊவாவில் சியம்பலாண்டுவைக்குத் திட்டமிட்ட 100 மெகாவாட் சூரிய மின்பூங்கா அந்த அளவைத் தாண்டியது. 50 மெகாவாட்டைத் தாண்டாவிட்டாலும், ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றினால் சட்டம் குறுக்கே வரும். சிறிய அறிக்கையான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு விட்டால் 30 நாள் வாய்ப்பு இல்லை. ஆனாலும் அது பகிரங்க ஆவணம், பார்க்கக் கேட்கலாம். எந்த அறிவித்தலும் கண்ணில் படாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும்.

இனி, என்ன எழுதுவது? "எங்களுக்கு வேண்டாம்" என்று இருநூறு பேர் கையெழுத்து வைத்த மனுவை ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். பீலிக்கரைத் தண்ணீர்க் கணக்கை அப்படி ஒதுக்க முடியாது. ஒரு வாளியைப் பீலியின் கீழ் வையுங்கள். அது நிறைய எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். மாதம் ஒருமுறை, அதே வாளி, அதே இடம். திகதியோடு கொப்பியில் குறியுங்கள். மழையில் எந்தக் கான் உடைகிறது, எந்த மேட்டில் வெடிப்பு விழுந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப்பாதை எது என்பதையும் படத்தோடு சேருங்கள். மேலே உள்ள சரிவைச் சீவிப் பலகைகள் நிறுத்தினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்ற கேள்விக்கு அப்போது திட்டக்காரர் பதில் சொல்லியே தீரவேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மண் மூடிய மாவட்டம் இது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே என்று கட்டாயம் கேளுங்கள்.

சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். நான் அதற்கு எதிரானவன் அல்ல. ஆனால் இடம் சரியா என்பதை அந்த இடத்தில் வாழ்பவரைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் 2025இல் மாவட்டச் செயலகத்தின் முன் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அது வயல்நிலம் சோலார் கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு வந்த போராட்டம். அனுமதி கிடைத்துவிட்ட பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கும் போடலாம். ஆனால் கொழும்புக்குப் போய்வரும் செலவை நாட்சம்பளக் குடும்பம் எப்படித் தாங்கும்?

எதையும் தோட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டால் போதும் என்பது நம் பழக்கம். அதற்குக் காரணம் உண்டு. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குள் வருவதற்கே தடை இருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. தலைவரிடமும் சொல்லுங்கள், கூடவே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். அறிவித்தல் வந்த பிறகு 30 நாட்கள்தான் கிடைக்கும். ஒரு வருடத்துப் பீலிக் கணக்கை அந்த 30 நாட்களில் எடுக்க முடியாது. கொப்பியை இந்த மாதமே திறந்துவிடுங்கள்.

(கட்டுரையாளர், சுற்றாடல் சட்டத்துறையில் பணியாற்றும் சட்டத்தரணி)