சப்தம் செய்யும் காயம்

தாமிரபரணிக் கரை ஊர்களில் அம்மன் கொடைக்கு நாள் குறித்தவுடன், வில்லுப்பாட்டுக்காரரையும் நையாண்டி மேளத்தையும் அமர்த்துவதற்கு முன்பாகவே ரேடியோ செட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். தெருமுனையில் ஆளுயரப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. வேப்பமரக் கிளைகளில் கூம்புக் குழாய்கள் கட்டப்படுகின்றன. ஜன்னல் கதவுகள் நடுங்கவும் தொட்டிலில் கிடக்கும் சிசு வீறிட்டு அழவும் எழுப்பப்படும் அந்தப் பேரொலியே ஊரின் கௌரவத்துக்கு அடையாளமாகிவிடுகிறது. மாதா கோவில் திருவிழாவிலும், அரசியல் கூட்டத்திலும், கல்யாண வீட்டிலும் இதே நிலைமைதான் என்பதால், எந்தச் சமயத்தாரையும் தனியே குறை கூறுவது என் நோக்கமன்று. வயோதிகர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் பொறுத்துக்கொள்ள வேண்டிய உபத்திரவம் இது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது தேகத்தில் நிகழும் காயம், அதிலும் ஆறாத காயம் என்பதை நம் விழாக் கமிட்டியாரும், அனுமதி வழங்கும் அதிகாரிகளும், தறி முதலாளிகளும் இன்னும் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

காதின் உட்புறத்தில் நத்தையோட்டைப் போலச் சுருண்டு கிடக்கும் குழலுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 ரோம உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள நுண்ணிய ரோமக் கற்றை, ஒலியலை வந்து தொடும்போது இம்மியளவு சாய்ந்து, அந்தச் சாய்வையே மின் சமிக்ஞையாக்கி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகிறது. நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத் தூண்களில் எழும் ஸ்வரங்களைப் பேதம் பிரித்து அறிவதும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தில் ஒரு கமகத்தின் நெளிவை உணர்ந்து மெய்ம்மறப்பதும் இந்தச் சில ஆயிரம் உயிரணுக்களின் உபகாரத்தால்தான். மிகுந்த சப்தத்தை நெடுநேரம் தாங்க நேர்ந்தால் அவை களைத்துச் சிதைந்து மடிகின்றன. மடிந்தவை மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள் என்பதால், பேச்சு கேட்கிறதே என்ற தைரியத்தில் பல வருஷங்கள் கழிந்துவிடுகின்றன; கூட்டத்தின் நடுவே பேரன் சொல்வது புரியாமல் போகும் நாளில்தான் நஷ்டம் தெரிகிறது.

இவ்விஷயத்தில் நமக்கு விளக்கம் தந்த ஜீவன்களுள் ஒன்று, விரல் நீளம்கூட இல்லாத நம் தேசத்து மீன். கங்கைச் சமவெளி நீர்நிலைகளில் திரியும் வரிக்குதிரை மீனை பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் தம் நூலில் வர்ணித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆராய்ச்சிசாலைக்குள் கொண்டுவந்தார். அதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்வது; கரு ஒளி ஊடுருவும் தன்மையது; ஒரு நாள் கழிவதற்குள் இருதயம் துடிக்கத் தொடங்குவதை உயிரோடு இருக்கையிலேயே காணலாம். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை உண்டு என்பது 2013இல் வெளியாயிற்று. நமக்கு எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ரோம உயிரணுக்களைப் போன்றவை, நீரின் அசைவை அறியும் பொருட்டு இந்த மீனின் விலாவில் தோலின் மேலேயே சிறு சிறு கொத்துகளாக அமைந்திருக்கின்றன. ஐந்து நாள் குஞ்சை உருப்பெருக்கியின் அடியில் கிடத்தி, அது கிடக்கும் நீரில் நியோமைசின் என்ற மருந்தைக் கலந்தால், அந்தக் கொத்துகளில் உள்ள அணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதை ஆராய்ச்சியாளர் நேரே பார்க்கிறார். அழிவைத் தடுக்கவல்ல பொருள் எதுவென்றும் அதே நீரில் கலந்து சோதிக்கிறார். சியாட்டில் நகரில் எட்வின் ரூபெல், டேவிட் ரெய்பிள் ஆகியோரின் குழுவினர் பல்லாயிரம் பொருட்களை இவ்விதம் சலித்திருக்கிறார்கள். மீனுக்கு அந்த அணுக்கள் சில நாட்களில் மீண்டும் முளைத்துவிடுகின்றன. பறவைகளுக்கும் அப்பேறு உண்டென்பது 1988இல் நிரூபணமாயிற்று. புற்றுநோய்க்காகச் செவியைக் கெடுக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் மருந்து பெறும் குழந்தைகளின் செவியைக் காக்க ஒரு மருந்தை அமெரிக்க அரசு 2022இல் அங்கீகரித்தது. சப்தத்தால் அழிந்த செவியை மீட்கும் மருந்தோ இன்று எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே சப்தத்தின் அளவையும் அதில் இருக்கும் நேரத்தையும் குறைப்பது ஒன்றே நம் கையில் உள்ள வழி.

அந்த வழி எவ்வளவு அவசரமானது என்பதைச் சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிக் கூடம் ஒன்றினுள் நுழைந்தவர் உடனே உணர்வார். நாடா இடமும் வலமுமாக அடிபடும் ஓசையில், பக்கத்துத் தறிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குக் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், அல்லது சைகை காட்ட வேண்டும். பழகியவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமோ 85 டெசிபலை எல்லையாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலில் ஒருவர் நிற்கத் தக்க நேரம் வெறும் 15 நிமிஷம். சப்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய் என்று தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆயினும் வீட்டோடு ஒட்டிய சிறு கூடங்களுக்கு அச்சட்டத்தின் கை எட்டுவதில்லை. சில ரூபாய் விலையுள்ள நுரைப்பஞ்சுக் காதடைப்பான்கூட அங்கே தறிக்காரரின் காதுக்கு வந்து சேர்வதில்லை என்பது மிகுந்த மனவேதனைக்குரியது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வேன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி, காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வியும் தொழிலும் தந்து இந்த ஜில்லாவுக்குப் பெருமை சேர்த்தது. பிறவியிலேயே கேளாதவர்க்கு அத்தனை சிரத்தையோடு வழி செய்த ஊர், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களை நாற்பது வயதில் செவிடாக்கும் வேலைமுறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தகாது. ஜில்லா நிர்வாகமும் மருத்துவக் கல்லூரியும் கூடி, தறித்தொழிலாளர் எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை செவிப் பரிசோதனை நடத்த வேண்டும்.

விழாக்களைப் பொறுத்தவரை புதிய சட்டம் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்திருக்கின்றன. இரவுத் தடையாவது பலருக்குத் தெரியும். பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் ஓசை 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதியோ அனுமதி எழுதித் தருவோரின் நினைவிலேயே இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஓர் ஒலிமானியும், அதை எடுத்துச் சென்று அளக்கும்படி ஓர் உத்தரவும் கொடுத்தால் போதும்.

தாமிரபரணி நதி புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. சப்தத்தின் விஷயம் அங்கும் முடிவதில்லை. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற தரையில் படர்ந்திருக்கும் கடற்புற்கள் பாசியினம் அல்ல. வேரும் தண்டும் உடைய, நீருக்கடியிலேயே பூத்து மகரந்தச் சேர்க்கை பெறும் தாவரங்கள். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும், இறால் குஞ்சுகள் ஒதுங்குவதும், கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்பதும் அவற்றில்தான். இழுவைமடியால் அழிந்த இடங்களில், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் சணல் கயிறு பின்னி, அதில் கடற்புல் துண்டுகளைக் கட்டி, நீருள் மூழ்கி நட்டு வருகிறார்கள். இவ்வளவு பிரயாசையுடன் நட்ட புல்லுக்கும் சப்தம் ஒரு சத்துருவாக இருக்கக்கூடும் என்பதற்கு 2021இல் பார்சிலோனா விஞ்ஞானிகள் ஆதாரம் வெளியிட்டார்கள்: மத்தியதரைக் கடலின் ஒருவகைக் கடற்புல்லைத் தாழ்ந்த ஸ்தாயிப் பேரொலிக்கு உட்படுத்தியபோது, புவியீர்ப்பை உணரவும் சக்தியைச் சேமிக்கவும் பயன்படும் அதன் மாவுமணிகள் சிதைந்தன, வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் நலிந்தது. கப்பல்களின் இயந்திரம் எழுப்புவதும் தாழ்ந்த ஸ்தாயிதான்.

அது வேறு கடல், வேறு இனம். நம் கடற்புல்லுக்கும் அவ்வாறே நேரும் என்று நான் சாதிக்கவில்லை. நம்மவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இப்பகுதியிலேயே இருக்கின்றன. வேண்டுவன நீருள் இறக்கும் ஒலிவாங்கிகள் சிலவும், வாடகைக்கு ஒரு வள்ளமும், ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு மூன்று வருஷ உபகாரச் சம்பளமுமே. தூத்துக்குடித் துறைமுகம் மேலும் விரிந்து, இன்னும் பெரிய கப்பல்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே அந்த ஒலிவாங்கிகள் புன்னைக்காயல் கடலிலும் வான் தீவை ஒட்டியும் இறக்கப்பட்டு, இன்றைய கடலின் ஓசை பதிவு செய்யப்பட வேண்டும்.