வட்டியில்லாத் தவணையா? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

சென்ற வாரம் சங்கச் சந்தா விஷயமாகத் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவத் தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி டெலிவிஷன் பெட்டியில் வந்து நின்றது. சர்க்கார் 2008இல் கொடுத்த 14 அங்குலப் பெட்டி, இரண்டு தடவை பழுதாகிப் பிழைத்து, போன மழையோடு கண்ணை மூடிவிட்டது. தோழரின் மனைவி வழவழப்பான ஒரு துண்டுப் பிரசுரத்தை நம் கையில் கொடுத்தார்.

“அண்ணே, 43 அங்குலமாம். பத்து மாசம், மாசம் ரெண்டாயிரம்தானாம். வட்டியே கிடையாதாம். எடுக்கலாமா?” என்று கேட்டார்.

நாம் வாயைத் திறப்பதற்குள், திண்ணையில் இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் முந்திக்கொண்டார். “கஞ்சிக்கு வழியைப் பாரு தாயி. உங்களுக்கெல்லாம் டி.வி. எதுக்கு?”

ஒரே திண்ணையில் இரண்டு உபதேசங்கள்! பெரிதாக வாங்கு, வட்டியில்லை என்கிறது கடைக்காரரின் காகிதம். உனக்கு எதற்கு என்கிறது பெரிய மனிதரின் நாக்கு. ஒன்று நம் மடியில் கை வைக்கிறது. மற்றது நம் மானத்தில் கை வைக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏழைக்கு எதற்கு என்பவர்களுக்கு

முதலில் பெரிய மனிதருக்குப் பதில். இந்தக் கரைக்கு டெலிவிஷன் நேற்று வந்ததல்ல. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், ராமேசுவரம் கரையில் உயரமான இரும்புக் குழாயை நட்டு, தலைக்கு மேல் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, கடலுக்கு அப்பாலிருந்து வந்த படத்தைப் பார்த்தவர்கள் நம் ஜனங்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அந்த வீட்டு வாசலில் உட்காரும். பிறகுதான் ராமேசுவரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. கோபுரம் ஊரில் இருந்தது. பெட்டி எத்தனை குடிசையில் இருந்தது?

2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அந்த ஆண்டு செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. உடனே எழுந்தது கூப்பாடு. சோம்பேறியாக்குகிறார்கள், கஜானா காலி என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, இத்தகைய தேர்தல் வாக்குறுதியைச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை என்று சொல்ல முடியாது என்றது.

கூப்பாடு அதோடு அடங்கியதா? இல்லை. 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, இலவசங்களை ‘ரேவ்டி’, அதாவது எள் மிட்டாய் விநியோகம் என்று கேலி பேசினார். நல்லது. 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்களே, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னாரே, அது என்ன மிட்டாய்? ஏழை வீட்டுக்கு 14 அங்குலப் பெட்டி போனால் தேசம் கெட்டுவிடும். கம்பெனி வீட்டுக்கு லட்சம் கோடி போனால் தேசம் வளரும். இது எந்த ஊர் நியாயம்?

2020இல் கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. செல்போன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த 14 அங்குலப் பெட்டிதான் வகுப்பறை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதையும் இந்தக் கரை மறக்கவில்லை. புயல் எங்கே நிற்கிறது, எப்போது கரை தொடும் என்பதைக் கண்ணால் பார்க்கும் உரிமை கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு இல்லையென்றால், வேறு யார் வீட்டுக்கு உண்டு? சினிமாவும் பாட்டும் கேட்கத்தான் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் உழைத்தவன் ராத்திரி ஒரு மணி நேரம் சிரித்தால் அது குற்றமா?

ஆகவே, பெட்டி வாங்கலாம். வாங்க வேண்டும். தொலைக்காட்சிக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. தப்பு தவணையில் இருக்கிறது.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

இனி கடைக்காரரின் காகிதத்துக்கு வருவோம். பத்து மாதம், மாதம் 2,000 ரூபாய், ஆக 20,000 ரூபாய். காகிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில், ‘பரிசீலனைக் கட்டணம் 500’ என்று இருந்தது. நாம் தோழரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். “ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?” என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, “18,000க்குத் தரலாம்” என்றார்கள்.

குட்டு உடைந்தது! ரொக்கத்துக்கு 18,000. தவணைக்கு 20,500. இந்த 2,500 ரூபாய்க்குப் பெயர் வட்டி இல்லையென்றால் வேறு என்ன?

பத்து மாதத்துக்கு 2,500தானே, சின்னத் தொகை என்று சொல்வார்கள். கணக்கைச் சரியாகப் போடுங்கள். கட்டணம் 500ஐ முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே நமக்குக் கிடைத்த கடன் 17,500தான். அந்த முழுத் தொகையும் பத்து மாதமும் நம் கையில் இருப்பதில்லை. மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் குறைகிறது. பாதிக் கடன் தீர்ந்த பிறகும் தவணை அதே 2,000தான். இப்படிப் பார்த்தால் இது நூற்றுக்கு மாதம் இரண்டரை ரூபாய் வட்டி, வருடத்துக்கு 30 ரூபாய். ஊரில் ஒருவர் இரண்டரை வட்டிக்குக் கடன் கொடுத்தால் வட்டிக்காரன் என்கிறோம். குளிரூட்டிய கடையில் கொடுத்தால் சலுகை என்கிறோமே!

இது நம்முடைய கற்பனை அல்ல. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள் என்று கிரெடிட் கார்டுத் தவணைத் திட்டங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கதவை அங்கே அடைத்தார்கள். விலைக்குள் வட்டியைப் புதைத்துக்கொண்டு அதே சரக்கு ஜன்னல் வழியாக வந்துவிட்டது.

தடைக்காலத்துக்குத் தவணை தெரியாது

மாதச் சம்பளக்காரருக்கு இது நஷ்டம். கடல் தொழிலாளிக்கு இது கண்ணி. ஏன்?

நம் வருமானம் மாதச் சம்பளமல்ல. ராமேசுவரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது. பாடு கிடைத்தால் பங்கு. கிடைக்காவிட்டால் டீசல் கடன். எல்லையில் படகு பிடிபட்டால் ஆள் சிறையில், படகு இலங்கைத் துறைமுகத்தில். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் காற்று அடித்தால் அன்று கூலி இல்லை. இதற்கெல்லாம் மேலாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

2023 ஆகஸ்ட் 18 அன்று மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணத்தை 5,000லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 8,000ஐ 61ஆல் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். அந்த 61 நாளில் டெலிவிஷன் தவணை இரண்டு விழும். அதாவது 4,000 ரூபாய். நிவாரணத்தில் சரிபாதி! கடலில் மீன் முட்டையிட நமக்குத் தடை உண்டு. தவணை குட்டி போடத் தடை உண்டா?

கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். கடன் கொடுத்த கம்பெனி ஒரு கட்டணம் போடும். வசூல்காரர் வாசலில் வந்து நின்று நாலு பேர் கேட்கக் கத்துவார். அதற்கு அஞ்சிப் பெண்கள் குழுக்கடன் வாங்குவார்கள். குழுக்கடனைக் கட்டத் தோடு அடகுக்குப் போகும். பொழுதுபோக்க வந்த பெட்டி தூக்கத்தைப் போக்கிவிடும்.

இதனால்தான் நாம் சொல்கிறோம்: பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது விளம்பரமல்ல, நல்ல பாடு கிடைத்த மாதமும் அல்ல. தடைக்காலத்தில் அடுப்பு எரிவதுதான் நம் அளவுகோல்.

பெரிய பெட்டிக்கு மட்டும் பரிசு

“வரி குறைந்துவிட்டது, இப்போதே பெரிதாக வாங்குங்கள்” என்று ஒரு பாட்டு வேறு பாடுகிறார்கள். உண்மை என்ன? 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் தீபாவளிப் பரிசு என்று அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷனுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. வரிக்கு முன் 20,000 விலையுள்ள பெட்டிக்கு 2,000 ரூபாய் மிச்சம். சரி, 32 அங்குலத்துக்கு? அதற்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம். இந்தப் பரிசில் ஒரு காசு குறையவில்லை!

ஆக, பெரிய பெட்டிக்கும் சிறிய பெட்டிக்கும் இப்போது ஒரே வரி. மாளிகைச் சுவரில் தொங்கும் 75 அங்குலமும், பாம்பன் குடிசையில் இருக்கும் 24 அங்குலமும் சமமாம். இந்தச் சமத்துவத்தை மட்டும் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்!

அப்படியானால் எதை வாங்குவது?

தோழரின் மனைவிக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

அளவு: அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 32 அங்குலம் என்றால் 81 சென்டிமீட்டர். பத்தடி அறையில் பாயை விரித்து ஐந்தாறு அடி தள்ளி உட்காரும் குடும்பத்துக்கு 32 போதும். கேபிள் பெட்டியில் வருவது சாதாரணத் தரப் படமானால், 43 அங்குலத்தில் பெரிதாவது படமல்ல, மங்கல்.

மின்சாரம்: 32 அங்குல எல்.இ.டி. பெட்டி சுமார் 50 வாட். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். 90 வாட் இழுக்கும் பெரிய பெட்டிக்கு 27 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற வரம்புக்குள் வாழும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் அற்பமல்ல. மின்சிக்கன நட்சத்திரக் குறியைப் பாருங்கள்.

உப்புக்காற்று: நம் கரையில் பெட்டிக்கு எமன் இதுதான். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பழுது பார்க்கும் நிலையம் ராமநாதபுரத்தில் இருக்கிறதா, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். திரை உடைந்தால் உத்தரவாதம் செல்லாது என்பதையும் மறக்காதீர்கள். இடி மின்னல் வந்தால் மின்சார ஒயரையும் கேபிள் ஒயரையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

கடைசி நேரக் கொக்கி: விலை பேசி முடித்ததும் ஸ்டெபிலைசர், கூடுதல் உத்தரவாதம், சுவரில் மாட்டும் கூலி என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். பெட்டியின் பின்புறச் சீட்டைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருந்தால் ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வது பெரும்பாலும் வீண்செலவு. அதே சீட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் பெட்டியைத் தொடாதீர்கள்.

பணம்: தடைக்காலம் முடிந்து ஜூனில் படகு இறங்கியதும், பாடு நாளில் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். தீபாவளியில் ரொக்கத்துக்கு வாங்குங்கள். தவணைதான் கதி என்றால், கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்தர வட்டி வீதம் அதில் இருந்தாக வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை நம் சம்மதமின்றி வாங்கக் கூடாது. தர மறுக்கும் கடையிலிருந்து வெளியே நடந்துவிடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

தனியாளாகக் கடைக்குப் போனால் காகிதத்தில் போட்டதே விலை. பத்துக் குடும்பம் சேர்ந்து பத்துப் பெட்டிக்கு ரொக்கம் பேசினால், விலை இறங்கி வரும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதை எடுத்துச் செய்தால் என்ன குறைந்துவிடும்? வலையைத் தனியாக இழுக்கிறோமா? கரைவலைக்கு ஊரே கை கொடுக்கவில்லையா?

கோரிக்கைகளும் நமக்கு உண்டு. 32 அங்குலம் வரையுள்ள டெலிவிஷனை 5 சதவீத வரிக்குக் கொண்டுவா! தடைக்கால நிவாரணத்தை 61 நாளைக்குப் பிழைக்கும் அளவுக்கு உயர்த்து! தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களின் தவணையை அபராதமின்றி ஒத்திவை! ‘வட்டியில்லை’ என்று பொய் விளம்பரம் செய்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடு!

தங்கச்சிமடத்துத் தோழர் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். துண்டுப் பிரசுரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவர் மனைவி அதே தெருவில் இன்னும் ஆறு வீட்டாரிடம் பேசியிருக்கிறார். ஏழு பேரும் சேர்ந்து தீபாவளிக்கு 32 அங்குலம் வாங்கப் போகிறார்கள். ரொக்கத்துக்கு!

திண்ணைப் பெரிய மனிதர் விரும்பினால் அவரும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இந்தக் கரையில் டி.வி. பார்க்க வருகிறவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் எப்போதும் இருந்ததில்லை.