"படிக்காத" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

போன கிழமை எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணை காலமானார். பெயரும் படமும் போடவேண்டாம் என்று வீட்டார் கேட்டதால் நான் போடவில்லை. கண்டாவளையில் வாகனம் வைத்திருக்கிற யாருக்கும் பெயர் தேவையும் இல்லை. அவருக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் ஒன்றில் பெரிய எழுத்தில் "படிக்காத மேதை" என்று இருந்தது. முகநூலில் இன்னொருவர் "படிப்பு இல்லாவிட்டாலும் தங்கமான மனிசன்" என்று எழுதி, அதற்கு நூற்றுக்கு மேல் விருப்பம் விழுந்திருந்தது. அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த "படிக்காத" என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்து வாசியுங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பது உண்மைதான். அதற்குப் பிறகு பரந்தனில் ஒரு கராஜில் ஆறு வருடம் நின்றார். முதல் இரண்டு வருடமும் சாமான் கழுவுகிற வேலை, கேட்ட சாவியை எடுத்துக் கொடுக்கிற வேலை. பிறகுதான் என்ஜினில் கை வைக்க விட்டார்களாம். நான் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து ஒரு வருடம் கட்டுறுப் பயிற்சி செய்தவன். கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்கு என்னை "சேர்" என்று கூப்பிடுகிறீர்கள். ஆறு வருடம் தொழில் படித்தவர் உங்களுக்குப் படிக்காதவர். இது என்ன கணக்கு?

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்றபடியால் இதையும் சொல்லவேண்டும். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் இங்கே வரத் தடை. 2002இல் பாதை திறக்கும்வரை வன்னியின் சீவியம் அப்படித்தான். மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்துகொண்டிருந்தது. பெற்றோல் காரும் மோட்டார் சைக்கிளும் அந்த மண்ணெண்ணெயில் ஓடின. நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது தெரியும். எப்படி ஓடியது என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி ஆகாது, அதனால் குளிர்ந்த என்ஜின் அதில் ஸ்ரார்ட் எடுக்காது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிற்பாட்ட முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி கார்பரேற்றரில் கொஞ்சம் விடவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வண்டி அசையாது. பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ-40உம் இதைத் தாங்கின, ஏனென்றால் அவற்றின் என்ஜினில் அமுக்க விகிதம் குறைவு. கூடின என்ஜினில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்துத் தட்டத் தொடங்கிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். இவ்வளவையும் தெரிந்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்றமாதிரி சரிசெய்துகொடுத்தவர்களை எந்த வாயால் படிக்காதவர் என்பது? மண்ணெண்ணெயில் தண்ணீர் இறைக்கிற மெசின் தோட்டங்களில் முதலே இருந்தது. அதுவும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுகிற மெசின்தான். அதைப் பார்த்துக் காருக்குக் கொண்டுவந்த மூளையை நான் ஆராய்ச்சி என்றுதான் சொல்வேன்.

கியூபாவுக்கு 1962இல் அமெரிக்கா முழுத்தடை போட்டது. அங்கே ஐம்பதுகளின் கார்களை இன்றும் ஓட்டுகிற மெக்கானிக்மாரை உலகமே போய்ப் படம் எடுக்கிறது. எங்களிடம் அதே வேலையைச் செய்தவர்களுக்கு ஒரு பதாகை, அதிலும் "படிக்காத".

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. அந்த நாட்களில் சனம் இந்தப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு என்று நகர்ந்தது. உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் வழியில் நின்றுபோனால் ஒரு குடும்பமே நின்றுபோகும். அண்ணை சாவிப்பெட்டியோடு வீதிக்கரையில் இருந்து காசு வாங்காமல் பார்த்துக்கொடுத்தார் என்று இந்த ஊரில் மூன்று பேர் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது புத்தளத்தில். எங்கட சனம் 1990 ஒக்டோபரிலேயே லொறியையும் காரையும் வீட்டையும் விட்டுப் போகச் சொல்லப்பட்டது. அது வேறு பதிவு, அதையும் ஒருநாள் எழுதுவேன். ஆனால் மாற்றம் கிடைத்து நான் இங்கே வந்தபோது, என் பழைய மோட்டார் சைக்கிளை "சேர், இது போகும்" என்று முதலில் கை வைத்துப் பார்த்தவர் அவர்தான். ஆள் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. கடைசி ஒயில் மாற்றியது எப்போது என்று மட்டும் கேட்டார்.

இனி முக்கியமான விசயம். "படிக்காட்டிக் கராச்சுக்குத்தான் போவாய்." எங்கள் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் கிழமைக்கு ஒருதடவையாவது கேட்கிற வசனம் இது. அந்த வகுப்பில் மெக்கானிக்கின் மகனும் இருக்கிறான். அவனுடைய வாப்பாவோ அப்பாவோ காலையில் சரிசெய்து கொடுத்த பைக்கில்தான் அந்தச் சேர் பள்ளிக்கூடம் வந்திருப்பார். தாவூத் நபி இரும்பு வேலை செய்தவர் என்று ஜும்ஆவில் கேட்கிறோம், வெளியே வந்து இரும்பைப் பிடிக்கிறவனைக் கீழே வைக்கிறோம். கோயிலுக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

"சேர், உங்கட பிள்ளையைக் கராஜில் விடுவீங்களோ?" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். நியாயமான கேள்வி. இப்போது இருக்கிற மாதிரியான கராஜில் விடமாட்டேன். கையுறை இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, பற்றரி அசிட்டைப் பொடியன் வெறுங்கையால் தொடுகிறான். சம்பளம் என்ற பெயரில் தேத்தண்ணிக் காசு. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.பி.எஃப். கட்டவேண்டும் என்பது சட்டம், முதலாளி பன்னிரண்டு வீதம், தொழிலாளி எட்டு வீதம். எங்கள் வீதிக்கரையில் எத்தனை கராஜில் அது நடக்கிறது? 2021இலிருந்து 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதே குற்றம். கராஜ் முதலாளிமார் கோபிக்கவேண்டாம், இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. அண்ணையும் முப்பது வருடம் உழைத்து ஒரு சதம் ஓய்வூதியம் இல்லாமல்தான் போனார்.

ஆனால் அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து இருக்கிறது. கண்டாவளையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். மோட்டார் தொழில்நுட்பத்தில் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அங்கே நானே கூட்டிக்கொண்டு போவேன். எங்கள் பெற்றோரில் கொஞ்சப் பேர் அந்த வாசலை "ஏ.எல். சரிவராத பிள்ளைகளின் இடம்" என்று கடந்து போகிறார்கள்.

ஏற்கெனவே தொழிலில் நிற்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை என்று நைற்றாவில் ஒன்று உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்கிற வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டு, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகவும், கடன் கேட்கவும் அந்தக் கடதாசி உதவும். அண்ணைக்கு இதைப்பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. படிவம் நிரப்பத் தெரிந்த நாங்கள் ஊருக்குள் இத்தனை பேர் இருக்கிறோம். விருப்பமுள்ள மெக்கானிக்மார், வெல்டிங் வேலை செய்கிறவர்கள், வயரிங் செய்கிறவர்கள் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் படிவங்களை இருந்து நிரப்பித் தருகிறேன். தனியார் வகுப்புக்குப் போகிற ஆசிரிய நண்பர்கள் ஒரு சனிக்கிழமையை விட்டுத் தந்தால் வேலை கெதியாக முடியும்.

2022ஐயும் மறக்கவேண்டாம். முழு நாடும் எரிபொருள் வரிசையில் நின்ற வருடம். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. புது வாகன இறக்குமதியும் 2020இலிருந்து நிற்பாட்டியிருந்தது. அந்த வருடங்களில் பழைய வாகனங்களை வீதியில் வைத்திருந்தது எந்தப் பட்டதாரி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறார்களாம். அதில் வழக்கம்போல மருமக்களின் பட்டமும் வெளிநாட்டு விலாசமும் வரும், வரட்டும். எழுதுகிற தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். அவரிடம் தொழில் படித்தவர்களின் பெயர்களுக்கு ஒரு பக்கம் விடுங்கள். பதினேழு பேர் என்று வீட்டில் சொன்னார்கள், தருமபுரத்திலும் விசுவமடுவிலும் சொந்தக் கராஜ் போட்டிருப்பவர்கள் உட்பட. பெயர்கள் முழுதாகத் தெரியாவிட்டால் அவருடைய கராஜில் இப்போது நிற்கிற இரண்டு பொடியன்களையும் கேளுங்கள், அவர்களிடம் கணக்கு இருக்கிறது.