புதுக் குளத்தில் இறங்கும் முன்

புதிதாகக் கட்டிய நீச்சல் குளம் தண்ணீர் நிறைந்த முதல் வாரத்தில்தான் மிக அழகாக இருக்கும். நீல மொசைக்கின் மேல் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். அடியில் கிடக்கும் பத்துக் காசுகூடத் தெரியும். ஆனால் அதில் கிருமி இருக்கிறதா, இருந்தால் கொல்லும் அளவுக்குக் குளோரின் இருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சோதனைப் பெட்டிதான் சொல்ல வேண்டும்.

காஜாங்கில் என் தங்கை புதிதாக வீடு கட்டி, பின்புறத்தில் சின்னதாக ஒரு குளமும் கட்டியிருக்கிறாள். 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 32,000 லிட்டர். உங்கள் வீட்டில் குளம் இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். போடப்போகும் ஒவ்வொரு கிராம் மருந்துக்கும் இதுதான் அடிப்படை.

புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு போயிருந்தேன். "தண்ணி நல்லா இருக்கு, பிள்ளைங்க தாராளமா இறங்கலாம்னு குத்தகைக்காரர் சொல்லிட்டுப் போயிட்டார் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த பிள்ளைகள் மட்டும் பதினான்கு பேர். நீர் வந்து விழும் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக, முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். குளோரின் கிட்டத்தட்டப் பூஜ்யம். பி.எச். 8.2-க்கும் மேல். மொத்தக் காரத்தன்மை 60, கால்சியம் கடினத்தன்மை 40. கடைசி இரண்டும் பிபிஎம் கணக்கு. அதாவது ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.

பி.எச். ஏன் அப்படி ஏறியது? ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது அல்லவா? சுண்ணாம்பு காரம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சோதனைப் பெட்டியில் இருக்கும் ஃபீனால் ரெட் என்ற சொட்டு மருந்து செய்வதும் அதே வேலைதான். புது சிமெண்டுப் பூச்சிலிருந்தும், மொசைக் இடுக்குகளில் பூசிய சாந்திலிருந்தும் அந்தச் சுண்ணாம்பே வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அதனால் முதல் மாதம் தினமும் சோதிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை போதும் என்பதெல்லாம் குளம் பழகிய பிறகுதான்.

பி.எச். ஏறினால் தண்ணீர் கொஞ்சம் வழவழக்கும், அவ்வளவுதானே என்று மாப்பிள்ளை கேட்டார். அதோடு போனால் பரவாயில்லை. கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவில் இருக்கும் குளோரின். பி.எச். 7.5-இல் போட்ட குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும். 8-இல் கால் பங்குதான். 8.2-ஐத் தாண்டினால் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. காசு கொடுத்து வாங்கிய மருந்து தண்ணீருக்குள் இருந்தும் இல்லாத கதை. 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காரத்தன்மை. பி.எச்.சை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது அதுதான். அது குறைவாக இருந்தால் இன்று அமிலம், நாளை காரம் என்று மாறி மாறி ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். 80 முதல் 120 வரை இருப்பது நல்லது. இதற்குத் தேவையானது நம் சமையலறை ஆப்ப சோடாவேதான்: 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். தங்கை வீட்டுக் குளத்தை 60-இலிருந்து 90-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.6 கிலோ ஆனது. சலவை சோடா வேறு பொருள், அது பி.எச்.சையும் தூக்கிவிடும்.

மறுநாள் பி.எச். அமிலத்தை வாளித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். பல மணி நேரம் ஓடவிட்டு மறுபடி சோதித்த பிறகுதான் அடுத்த பங்கு. கடினத்தன்மை அதற்கும் பிறகு. நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்று நீர், மென்மையானது. போதிய கால்சியம் இல்லாத தண்ணீர் சுவர்ப் பூச்சிலிருந்தே அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே கால்சியம் குளோரைடு சேர்த்து 200-ஐ ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஆப்ப சோடாவையும் இதையும் ஒரே நேரத்தில் கொட்டினால் குளம் இளநீர் வழுக்கையைக் கரைத்தது போலாகிவிடும்.

குளோரின் கணக்கு எளிது. 65 விழுக்காட்டுத் தூள் 100 கிராம் போட்டால் 32,000 லிட்டரில் 2 பிபிஎம் கிடைக்கும். ஆனால் நம் நாட்டு நண்பகல் வெயில் பாதுகாப்பில்லாத குளோரினில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். மாலையில் போடுவது அதனால்தான். வெயிலைத் தாங்க சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை சேர்ப்பார்கள். மிதவையில் வைத்து விடும் குளோரின் வில்லைகளிலேயே அது இருக்கிறது. வசதிதான், அதில் ஒரு சிக்கலும் உண்டு. வில்லை 1 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் கொண்டுவரும். குளோரின் செலவாகிவிடும், இது தங்கிவிடும். தினம் 2 பிபிஎம் என்று வையுங்கள். புதுத் தண்ணீர் கலக்காவிட்டால் மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டும். அப்போது குளோரின் இருந்தும் மந்தமாகிவிடும். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த ஞாயிறு குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். "இவ்வளவு காசு போட்டுக் கட்டிட்டு வேடிக்கை பார்க்கவா அண்ணே?" என்று தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை 7.6-க்கு இறக்கிய பி.எச். ஞாயிறு மாலையே 8-ஐத் தொட்டது. பிள்ளைகள் இறங்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

1 பிபிஎம் குளோரினும் 7.5 பி.எச்.சும் இருந்தால் இ-கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஹெபடைட்டிஸ் ஏ வைரசுக்கு 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம். ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் அதே தண்ணீரில் பத்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். வயிறு சரியில்லாத பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். விருந்தாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மூக்கை நம்பாதீர்கள். கண் எரிச்சலும் காரமான வாடையும் வந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறோம். வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து களைத்துப்போன குளோரினின் வாடை அது. பெரும்பாலும் இன்னும் குளோரின் தேவை என்றே அர்த்தம். மஞ்சளாக மாறும் மலிவான சொட்டு மருந்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி வில்லையை வாங்குங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமானால் அந்த நிறம் வெளுத்துப் பூஜ்யம் போலக் காட்டும். சந்தேகம் வந்தால் குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி சோதியுங்கள். பெட்டியைக் காருக்குள் வெயிலில் விட்டால் மருந்து கெட்டுவிடும்.

அமிலத்தையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு கிளம்பும். குளோரின் தூளையும் வில்லையையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, அதுவும் ஈரமில்லாமல்.

அடை மழைக் காலத்தில் குளம் நிரம்பி வழியும்போது நீங்கள் சேர்த்து வைத்த காரத்தன்மையும் சேர்ந்தே வழிந்து போகிறது. மழை விட்ட மறுநாள் காலை முதலில் அதைச் சோதியுங்கள், பிறகு பி.எச்., கடைசியாகக் குளோரின். ஊருக்குப் போகிறீர்கள் என்றாலும் பம்ப்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். குளோரின் தீர்ந்த, அசையாத, தெளிந்த தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம்.