காமிரா வாங்கப் புகுவார்க்கு ஒரு சொல்

நம் கல்லூரி விடுதியில் மாணவர் இருவர் கூடின், பேச்சு தேர்வைப்பற்றித் தொடங்கினும் காமிராவைப்பற்றியே முடிகின்றது. கேனன் நன்றா, நிக்கான் நன்றா? 18 மெகாபிக்சல் போதுமா, 24 வேண்டுமா? தொல்காப்பியச் சூத்திரங்களுக்கு உரையாசிரியர்கள் மாறுபட்டு உரைத்ததினும் மிகுதியாக இவ்வினாக்களுக்கு விடுதியறைகளில் மாறுபட்டு உரைக்கின்றனர். தமிழ் பயிலும் யாம் இத்துறையில் வாய் திறத்தல் தகுமோ என்று நண்பர் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், ஈராண்டுகளாக ஒரு பழங்காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர்க்கும் சிதம்பரத்துக்கும் இடையே திரிந்தோமாதலானும், இவ்வாங்குதலிற் பிழைபட்டார் ஒருவரது துன்பத்தை அருகிருந்து கண்டோமாதலானும், சில சொல்லத் துணிகின்றோம்.

எம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். முதன்முதற் காமிரா வாங்குவார் முற்பட ஆராயவேண்டுவது தாம் படமெடுக்கப்போகும் இடத்தையும் அவ்விடத்து ஒளியையும். அதன்பின் அவ்வொளிக்கு ஏற்ற லென்ஸை. காமிராவின் உடலை ஆராய்தல் எல்லாவற்றிற்கும் இறுதியில். கடைக்குச் செல்வாருட் பெரும்பாலோர் இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

எம் நண்பர் செய்ததும் அதுவே. அவர் கடலூர் முதுநகரைச் சார்ந்தவர். அவர் அன்னையார் மீன் விற்றுக் குடும்பத்தை நடத்துகின்றார். மகன் படமெடுத்துத் தன் படிப்புச் செலவைத் தானே ஈட்டிக்கொள்வான் என்னும் நம்பிக்கையால் அவ்வம்மையார் தம் தோட்டை அடகு வைத்து 40,000 ரூபாய் கொடுத்தார். நண்பர் நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றார். கடைக்காரர் புதுக் காமிரா ஒன்றும், அதனோடு இரண்டு லென்ஸுகளும், முக்காலியும், பையும், வண்ணக் கண்ணாடிகளும் ஒருசேர எடுத்து வைத்தார். பொருள்களின் தொகை பெரிதாயிருந்தமையால் நண்பரின் மனமும் நிறைந்தது. அன்னையார் கொடுத்த பணமும் ஏறத்தாழ முழுதும் அங்கேயே கழிந்தது.

அவர் முதன்முதல் அக்காமிராவை எடுத்துச் சென்றது சிதம்பரத்துக்கு. மகா சிவராத்திரியை ஒட்டி அங்கு நிகழும் நாட்டியாஞ்சலி 1981-இல் தொடங்கிய விழா. பல ஊர்களிலிருந்தும் நடனமணிகள் வந்து ஆடுவர். யாமும் உடன் சென்றிருந்தோம். பகலில் இருவரும் கோபுர வாயில்களின் உட்சுவரிலுள்ள கரணச் சிற்பங்களைப் படமெடுத்தோம். வாயிலின் உள்ளே ஒளி குறைவு. ஒரு புறத்திலிருந்து மட்டும் வரும். எனினும் நண்பரது காமிராவிற் சிற்பங்கள் மிக அழகாக வந்தன. மாலையில் மேடையருகே இடம்பெற்று, நீண்ட லென்ஸை மாட்டி, ஆடுவாரை எடுக்கத் தொடங்கினார். நூற்றுக்கணக்கிற் படங்கள். இரவு திரும்பும்போது பேருந்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். முகம் ஒன்றிலும் தெளிவில்லை. முத்திரை காட்டிய விரல்கள் புகைபோற் கலைந்து கிடந்தன. தமக்குப் படங்கள் வேண்டும், உரிய பணம் தருகின்றோம் என்று கூறியிருந்த நடனக் குழுவினர்க்கு அனுப்ப ஒரு படமும் தேறவில்லை.

கல்லில் ஆடுவாள் அசையாள்; மேடையில் ஆடுவாள் அசைவாள். இவ்வொரு வேற்றுமையே நண்பரைக் கெடுத்தது. காமிராவோடு சேர்ந்து வரும் சாதாரண லென்ஸுகளிற் பெரும்பாலானவற்றில் நம் கைநடுக்கத்தைத் திருத்தும் பொறி உண்டு. அது நம் கையைத் திருத்தும். ஆடுவாள் கையை நிறுத்தாது. அதனை நிறுத்துவது ஷட்டரின் விரைவு ஒன்றே. விரைவாக மூடும் ஷட்டருக்கோ மிக்க ஒளி வேண்டும். மிக்க ஒளிக்கு லென்ஸின் துவாரம் அகன்றிருத்தல் வேண்டும். சாதாரண லென்ஸின் நீண்ட முனையிற் பெரும்பாலும் எஃப் 5.6 என்பதே எட்டக்கூடிய அகலம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்று விற்கப்படும் சிறியதொரு லென்ஸில் அது எஃப் 1.8. இவ்வெண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்க. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வருவதை அதனாலேயே பெருக்கின், ஏறத்தாழப் பத்து வரும். அஃதாவது, சிறிய லென்ஸ் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது. 1/20 வினாடி திறந்திருக்கவேண்டிய ஷட்டருக்கு ஏறத்தாழ 1/200 வினாடியே போதும். முன்னதில் விரல் புகையாகும். பின்னதில் அது பெரும்பாலும் விரலாகவே நிற்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தியும் ஒருவாறு ஈடுசெய்யலாம். ஆயின் படத்தின்மேல் மணல் தூவினாற்போற் புள்ளிகள் எழும். நண்பரது படங்களில் அதுவும் இருந்தது.

நண்பர் வாங்கிய முக்காலியின் விலையோடு வண்ணக் கண்ணாடிகளின் விலையைக் கூட்டினால், பயன்படுத்திய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றன் விலையில் முக்காற்பங்கு வரும். இதனை யாம் பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம், அவரிடம் சொல்லவில்லை.

உடலைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்னும் இவ்வகைக் காமிராவில், லென்ஸின் வழிப் புகும் ஒளி 45 பாகைச் சாய்ந்து நிற்கும் கண்ணாடியிற் பட்டு மேலே திரும்பி நம் கண்ணை வந்தடைகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி எழுந்து வழிவிட, அவ்வொளியே பின்னுள்ள சென்சாரில் விழுகின்றது. அச்சென்சாரின் அளவு நிக்கானின் தொடக்கநிலைக் காமிராக்களில் 23.5 × 15.6 மில்லிமீட்டர், கேனனுடையவற்றில் 22.3 × 14.9 மில்லிமீட்டர். அந்நிலையில் விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் இவ்வளவு மாறுவதில்லை. 2018-இல் வெளிவந்த கேனன் 3000டி 18 மெகாபிக்சல். அவ்வாண்டிலேயே வந்த 1500டி 24. அந்த 18-ஐக்கொண்டே 17 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். இம்மலரின் பக்கம் அதிற் பாதிகூட இல்லை. ஆதலின் மெகாபிக்சல் பற்றி நள்ளிரவு வரை வழக்காடும் நண்பர்கள் உறங்கச் செல்வது நன்று. அவ்விரு காமிராக்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு வேறு: முன்னதில் லென்ஸ் பொருந்தும் வளையம் பிளாஸ்டிக், பின்னதில் உலோகம். இதனைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

புதியது யாவும் பழையதினும் சிறந்தது என்னும் எண்ணமும் இங்குப் பொய்க்கின்றது. 2014-இல் வந்த நிக்கான் டி3300-இல் மைக் செருகும் துளை இருந்தது. சென்சாரின்மேற் படியும் தூசியை அதிர்வினால் உதறும் பொறியும் இருந்தது. 2016-இல் வந்த டி3400-இல் இவ்விரண்டும் இல்லை. விலையைத் தாழ்த்தும்பொருட்டு நீக்கிவிட்டனர். தேவனாம்பட்டினத்து மணலில் நின்று லென்ஸை மாற்றியவர்க்குத் தூசி உதறும் பொறியின் அருமை விளங்கும். அவ்வாறே, 2017-இல் வந்த கேனன் 200டி-யின் தலையிற் பிளாஷ் பொருந்துமிடத்தின் நடுவே ஒரு தொடுமுனை உண்டு. 2019-இல் வந்த 200டி மார்க் 2-இல் அது இல்லை. 1500டி, 3000டி ஆகியவற்றிலும் இல்லை. மலிவான பிளாஷுகள் பலவும் அந்நடுமுனையைக்கொண்டே எரிவன. திருமணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் படமெடுத்துப் பொருளீட்டக் கருதும் மாணவர்க்கு இச்சிறு முனை பெரும் பொருட்டு என்க. நிக்கான் வாங்குவார் அறியவேண்டுவது மற்றொன்று: டி3500, டி5600 போன்றவற்றின் உடலிற் குவிய மோட்டார் கிடையாது. ஆதலின் மலிவாகக் கிடைக்கும் பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸை மாட்டினால், குவியத்தைக் கையாலேயே திருப்பவேண்டும், ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குக.

ஆகவே பயன்படுத்திய பழங்காமிராவையே யாம் பரிந்துரைக்கின்றோம். "பிறர் கழித்ததை வாங்குவதா?" என்று முகஞ்சுளிப்பார் உளர். நூல்நிலையத்தில் நாம் பயிலும் நூல்களெல்லாம் பிறர் கைபட்டவை அல்லவோ? ஆயின் வாங்குமுன் பார்க்கவேண்டுவன சில உண்டு. நம் பக்கத்தில் தலையாயது பூஞ்சை. கடற்காற்றின் ஈரமும் கார்த்திகை மழையும் சேர்ந்து, அலமாரியில் அடைபட்டுக் கிடக்கும் லென்ஸின் உட்புறத்தே சிலந்திவலைபோற் பூஞ்சையைப் படரச்செய்யும். வெளியே துடைத்தால் அது போகாது. லென்ஸைக் கழற்றி, ஒரு புறத்தில் டார்ச்சு விளக்கை வைத்து மறுபுறத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் தெரியும். விற்பவர் டார்ச்சு அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுக. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்றும் கேட்கவேண்டும். டி3500-இன் ஷட்டர் 1,00,000 முறை இயங்கத்தக்கதெனச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் அவ்வெண்ணிக்கை எடுத்த படத்தின் உள்ளேயே பதிவாகும். விற்பவரின் வாய்மொழியை நம்பவேண்டியதில்லை. வாங்கியபின் காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டுக் காமிராவை வைக்கவேண்டும். எம் வீட்டில் முறுக்கு வைத்திருந்த டப்பா இப்பணிக்கு வந்துசேர்ந்தது. அன்னையார் இன்னும் அதனை மன்னிக்கவில்லை.

பிச்சாவரத்துக்குச் செல்வார்க்கும் ஒரு வார்த்தை. சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்களிற் படகு நுழைந்தவுடன் ஒளி சட்டென்று குறையும், படகும் ஆடும். இத்தொடக்கநிலைக் காமிராக்களுக்கு நீர்காப்பு இல்லை. துடுப்பிலிருந்து தெறிப்பதோ உப்புநீர். கரையிலேயே எந்த லென்ஸ் என்று துணிந்து மாட்டிக்கொண்டு ஏறுக, படகில் மாற்றற்க.

இனி, டி.எஸ்.எல்.ஆர். வகையே மறைந்துகொண்டிருக்க, அதனை வாங்கச் சொல்லுதல் முறையோ என்பார்க்கு விடை கூறுவோம். அவர் கூற்றில் உண்மை உண்டு. 2003-இல் கேனன் 300டி 1,000 டாலருக்குட்பட்ட விலையில் வந்தபோது இவ்வகை எளியவர் கைக்கு எட்டத் தொடங்கியது. நிக்கான் டி3500 2018-இல் வந்து, 2022-ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றது. கேனனும் 2023-இல் ஆர்50, ஆர்100 என்னும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் காமிராக்களைத் தொடக்கநிலையோர்க்கென வெளியிட்டது. அவை நல்லனவே, கண்ணைத் தேடிக் குவிப்பதில் பழையவற்றை விஞ்சும். ஆயின் உலகத்தார் புதியதை நோக்கி ஓடுதலாலன்றோ பழையது நமக்கு மலிவாகக் கிடைக்கின்றது! டி3500 ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படங்கள் எடுக்கும் என்பது அளவை. தொடக்கநிலை மிரர்லெஸ் காமிராக்கள் பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்கும் எடா. அன்றியும் லென்ஸ் வீண்போவதில்லை. கேனனின் ஈ.எஃப். லென்ஸுகளையும் நிக்கானின் ஏ.எஃப்.-எஸ் லென்ஸுகளையும் இடைவளையம் ஒன்றன் துணையால் அவ்வந்நிறுவனத்தின் மிரர்லெஸ் காமிராக்களிற் பொருத்தலாம். குவியமும் தானே இயங்கும். உடல் மாறும்போதும் லென்ஸ் கூடவே வரும். பணத்தை லென்ஸில் இடுக என்று யாம் வற்புறுத்துவது இதனாலும்.

கைப்பேசியே போதும் என்பாரோடு எமக்கு வழக்கில்லை. வெள்ளிக் கடற்கரையிற் காலைக் கதிரவனை எடுத்து நண்பர்க்கு அனுப்புவதே நோக்கமாயின், கைப்பேசி போதும், காமிரா வாங்கற்க. அன்னையர் தோடு அவர் செவியிலேயே இருக்கட்டும்.

50 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் குறையும் உண்டு. இச்சிறு சென்சாரில் அதன் பார்வை ஒடுங்கும். சிறு வீட்டினுள்ளே குடும்பத்தார் அனைவரையும் ஒரு படத்தில் அடக்கப் பின்னே போனால் முதுகு சுவரில் இடிக்கும். அதற்குக் காமிராவோடு வரும் 18–55 உதவும். எஃப் 1.8-இல் மூக்கு தெளிந்தால் காது தெளியாது என்பதும் உண்டு, பழகவேண்டும்.

எம் நண்பர் பழகிக்கொண்டார். நீண்ட லென்ஸை விற்றார். பாதி விலையே கிடைத்தது. அதைக்கொண்டு பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை, டார்ச்சு அடித்துப் பார்த்து, வாங்கினார். இவ்வாண்டு நாட்டியாஞ்சலியில் அவர் எடுத்தவற்றுள் பதினொரு படங்கள் தேறின. ஒரு குழுவினர் நான்கினை விலைக்குப் பெற்றனர். அத்தொகை இரு திங்கள் வட்டிக்குச் சரியாயிற்று. தோடு இன்னும் அடகிலேயே உள்ளது.

வாங்குமுன் கையிலெடுத்துப் பார்க்க விரும்பும் மாணவர்க்குத் தம் காமிராவையும் இரண்டு லென்ஸுகளையும் கொடுக்க அவர் இசைந்திருக்கின்றார். சனிக்கிழமைகளிற் கதிரவன் எழுமுன் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில், படகுகள் கரையேறும் இடத்தில், இருவரும் இருப்போம்.